கல்வட்டத்தில் தர்ம தரிசனம்

திருப்பதி மலையில் முப்பது வருஷம் தரிசன வரிசையைத் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். யதிராஜன் என்று பெயர். இந்த தேசத்தில் பாதிப் பேருடைய முதுகு என் உள்ளங்கைக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் மலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற புதிதில் கை சும்மா இருக்க மாட்டாமல் வீட்டில் பீரோவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிள்ளை விஷ்ணுவர்தன் பயந்துபோய் ஒரு காமிரா வாங்கித் தந்தான். நகராத எதையாவது படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கல்வட்டங்களைப் பிடித்துக்கொண்டேன்.

ஆதிகாலத்து ஜனங்கள் செத்தவரைப் புதைத்து, மேலே மேடு கட்டி, சுற்றிலும் பாறைகளை நட்டுவைத்த இடம்தான் கல்வட்டம். ஒவ்வொரு பாறையும் யானை அளவு. சிலது கர்ப்பிணி யானை அளவு. மூவாயிரம் வருஷமாக அவற்றை யாரும் முன்னால் போகச் சொன்னதில்லை. என்ன நிம்மதியான உத்தியோகம்!

என் மனைவி ருக்மணிக்கு ஒரே விசாரம். "ஏன்னா, மூவாயிரம் வருஷத்துப் பொணத்துக்குத் தீட்டு உண்டோ இல்லையோ?"

உண்டு என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மேட்டுக்கு ஒரு ஸ்நானம். போன வருஷம் நான் குளித்த குளியலில் ஸ்வர்ணமுகி ஆறே வற்றியது.

இந்தப் புரட்டாசியில் நகரி தாண்டி புத்தூர் சாலையோரம் ஒரு மாந்தோப்பில் ஜேசிபி வந்து நிற்கிறது என்று கேள்விப்பட்டோம். தோப்புக்காரர் தாமோதரன், பவர்லூம் முதலாளி. அங்கிருக்கும் கல்வட்டத்தைப் பெயர்த்துவிட்டுத் தறிக்கொட்டகை போடப் போகிறார். திருப்பதியில் தொல்லியல் ஆபீஸில் இருக்கும் நீரஜா அம்மாளுக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க சார். அதுல மனுஷங்க யாரும் இருக்கக் கூடாது, அளவுகோல் இருக்கணும். அது கைக்கு வந்தா எம்.ஆர்.ஓ., அதான் தாசில்தார், கிட்ட பேசி வேலையை நிறுத்திடறேன். சரேனா?"

சனிக்கிழமை காலை நானும் ருக்மணியும் போய் இறங்கினோம். ஜேசிபி நின்றிருந்தது, ஓட்டுகிற சிரஞ்சீவி இட்லி சாப்பிடப் போயிருந்தார். அவர் கை கழுவி வருவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூவாயிரம் வருஷம் லாரியில் ஏறிவிடும்.

நடுவிலிருந்த பெரிய கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், படத்தில் பளிச்சென்று விழ. பக்கத்தில் என் அளவுகோலை நட்டேன். ஆள் உயரம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை அடித்தது. பின்னால் வந்து காமிராவைக் கண்ணில் வைத்தேன். உள்ளே ஒரு மஞ்சள் வேட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தது.

திருப்பதிக்கு நடந்து போகிற கூட்டம் சாலையில் வந்துகொண்டிருந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை. பன்னிரண்டு நாமம் போட்ட ஒருவன் கல்லுக்குத் திருமஞ்சனம் செய்கிறான். பக்கத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. செருப்பைக் கழற்ற இதற்கு மேல் என்ன வேண்டும்?

"இன்னா கோயிலு சாமி?" என்றார் அந்த மஞ்சள் வேட்டி. கூட்டத்துக்குத் தலைவர் அவர்தான், பெயர் முனுசாமி.

"கோயில் இல்லப்பா. கொஞ்சம் நகரு, போட்டோ எடுக்கணும்."

அவர் நகர்ந்தார். அந்த இடத்துக்கு நாலு பேர் வந்தார்கள். பிறகு நாற்பது. பிறகு திருவள்ளூர் மாவட்டமே வந்தது. இத்தனை முதுகுகளை ஒரே இடத்தில் பார்த்ததும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஜருகண்டி! ஜருகண்டி!"

"அட, மலையில தள்ற அதே தள்ளு!" என்று முனுசாமி அலறினார். "பெரிய சாமிடா இது!"

தள்ளத் தள்ள பக்தி பெருகியது. தள்ளப்பட்டவர்கள் ஆனந்தக் கண்ணீரோடு சுற்றி வந்து மறுபடி கடைசியில் நின்றார்கள். வரிசையின் வால் திருத்தணியில் ரயில்வே கேட்டை மறித்தது என்று கேள்வி.

ருக்மணியால் தாங்க முடியவில்லை. ஒரு பாறைமேல் ஏறிக் கத்தினாள். "எல்லாரும் கேளுங்கோ! இது பொணத்தைப் பொதைச்ச எடம்! தொட்டவா அத்தனை பேரும் ஸ்நானம் பண்ணணும்!"

"பொதைச்சு எத்தினி வருசம் ஆச்சும்மா?" என்றார் முனுசாமி.

"மூவாயிரம்!"

"மூவாயிரம் வருசமா எழுந்துக்காம ஒரே எடத்துல படுத்துக்கினு கீறாரு. நம்மால ஆவுமா? சாமிதான்!"

கோவிந்தா கோஷத்தில் மாங்கொம்புகள் ஆடின. அந்த நேரம் பார்த்து சிரஞ்சீவி வந்தார். அவர் கூட்டத்தைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், வரிசையில் நின்றார். முறை வந்தபோது நானே தள்ளினேன். நேரே போய் ஜேசிபியின் மண் அள்ளும் வாளியில் எலுமிச்சம்பழம் கட்டினார்.

பின்னாலேயே தாமோதரன் புல்லட்டில் வந்து குதித்தார். "யார்ரா என் தோப்புல? இன்னா சாமி, எந்த ஊர் சாமி? அந்தக் காலத்துக் குள்ளனுங்க கட்டின வூடுன்னு ஊர்ல சொல்ற எடம்யா இது! சின்ன வயசுல இந்தக் கல்லு மேல குந்திக்கினு மாங்கா துன்னவன் நானு!"

கூட்டம் கல்லைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு ஓர் அம்மாள் அவர் காலில் விழுந்தாள். "சாமி மடியில குந்திக்கினு துன்னீங்களா! இன்னா புண்ணியம் பண்ணீங்களோ!"

அடுத்தடுத்து எல்லோரும் விழுந்தார்கள். தாமோதரனின் மீசை இறங்கியது.

"அதான பாத்தேன்," என்றார் மெதுவாக. "அந்த மாங்காவே ஒரு தினுசா இருந்துச்சு." என் பக்கம் திரும்பினார். "சாமி, கொட்டா வேற எடத்துல போட்டுக்கிறேன். இந்தக் கல்லையெல்லாம் ஓரங்கட்டிட்டு டைல்ஸ் போட்டு, மேல கோபுரம் ஒண்ணு எழுப்பிடலாமா?"

ஜேசிபியிடமிருந்து தப்பியது கொத்தனாரிடம் மாட்டிக்கொண்டது. நான் கண்ணை மூடி, குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "இவர் வெயில் பிரியர். கூரை ஆகாது. டைல்ஸ் ஆகாது. ஒரு கல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கோபம் வரும்."

"எந்த சாஸ்திரத்துல கீது சாமி?"

"மலையில முப்பது வருஷம் இருந்தவன் சொல்றேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமைதோறும் தள்ளுவதற்கு நானே வர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சந்தடி சாக்கில், "ஒரே ஒரு போட்டோ..." என்று இழுத்தேன்.

"கோயில்லயா? நீங்களே இப்படிக் கேக்கலாமா சாமி?"

காமிரா செருப்புகளோடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை, போட்டோ வரவில்லையே என்று நீரஜா அம்மாள் கோபத்தோடு நேரில் வந்தார். அவருடைய காமிராவையும் வாங்கி வைத்துவிட்டார்கள். வரிசையில் நின்று வெறுங்காலோடு வட்டத்தைச் சுற்றினார், ஒவ்வொரு பாறையாக முறைத்துப் பார்த்தபடி. என்னருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு கல்லும் அசையலை சார். நாங்க வேலி போட்ட எடத்துல கூட இப்படி இருந்ததில்ல." சுற்றுமுற்றும் பார்த்தார். "சத்தியவேடு பக்கம் இன்னொரு வட்டம் இருக்கு. ப்ளாட் போடப் போறாங்களாம். செவ்வாய்க்கிழமை நீங்க வர முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், இப்போது பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ருக்மணி அவர் முதுகில் கை வைத்துவிட்டாள்.

"செவ்வாய் சரி!" என்று தலைகளுக்கு மேலே கத்தினேன்.