எண்ணெய் பூசாத சோடி

மடியில் சித்தியின் நீளக் குளிர்க்கோட்டு, அதன்மேல் ஆரணியின் சால்வை, அதன்மேல் சித்தப்பாவின் சப்பாத்துப் பை, எல்லாவற்றுக்கும் உச்சியில் தேத்தண்ணீர்ப் போத்தல், இந்தக் குவியலுக்குப் பின்னால் என் முகம், முகத்துக்கு முன்னால் உணவகத்தின் பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் மலை சரிந்து வருகிறது, சரிவு முழுக்க மனிதர்கள் வழுக்கிக்கொண்டு இறங்குகிறார்கள், ஒருவருக்கும் சத்தமில்லை, பிள்ளை, நீ உதிலை இரு, பையளைப் பாத்துக்கொள், நாங்கள் ஒருக்காப் போட்டு வாறம் என்று சித்தி சொன்னது இன்று காலையா நேற்றா, அது எப்போதும் யாரோ என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிற வசனம், கோயில் தேரன்று எல்லாரும் வடம் பிடிக்கப் போக நான் செருப்புகளுக்கு நடுவில் இருந்தேன், கலியாண மண்டபத்தில் எல்லாரும் படம் எடுக்க மேடை ஏற நான் சீலைப் பைகளோடு இருந்தேன், அவள் விட்ட இடத்திலேயே இருப்பாள் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா, அதைக் கேட்டு நானும் ஒருகாலம் பெருமைப்பட்டேன், பிறகு இந்த நாட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசி என்றார்கள், எழுந்தேன், புத்தகத்தில் இருந்தவை எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்தான், வாய் திறக்கவில்லை, பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள், அந்தச் சிரிப்பு தினமும் எனக்கு முன்னால் வகுப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, ஒரு திங்கட்கிழமை நான் பஸ்ஸில் ஏறாமல் நின்றேன், கதவு மூடியது, பஸ் போனது, பள்ளிக்கூடமும் அதில் ஏறிப் போய்விட்டது.

இந்த ஆர்வென் என்கிற மலை ஊருக்கு எங்களைப் போன்றவர்கள் பின்வாசலால்தான் வருவார்கள், கார் ஓடாத ஊர், குதிரை இழுக்கும் வண்டிகள், விலை எழுதாமல் மணிக்கூடுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் கடைகள், சித்தப்பா இங்கே ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் தலை நரைக்குமட்டும் நின்றவர், முதலாளியம்மா இந்தப் பனிமாரியில் அவரைக் கூப்பிட்டு, ஒரு கிழமை நீயும் உன் குடும்பமும் மேலே அறையெடுத்து விருந்தாளியாக இருங்கள் என்று சொல்லிவிட்டா, அம்மாவுக்கு வேலை, என்னை அனுப்பிவைத்தா, பிள்ளை வீட்டுக்குள்ளையே கிடக்கிறாள், ஒருக்காக் காத்துப் படட்டும் என்று, ஆனால் காற்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் அடிக்கிறது, முதல் இரவுச் சாப்பாட்டில் சித்தப்பா கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு எழும்பிவிட்டார், இஞ்சருங்கோ, இருங்கோ, நீங்கள் இப்ப விருந்தாளி என்று சித்தி அவரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறா, அவர் இருந்துகொண்டே சமையலறைக் கதவைப் பார்க்கிறார், சூப்புக்கு உப்புக் காணாது, ஆரடாப்பா இண்டைக்கு அடுப்பிலை என்கிறார், ஆரணி சிரித்துச் சிரித்து மேசைக்குக் கீழே போய்விட்டாள், ஆரணி சித்தியின் ஒரே மகள், பன்னிரண்டு வயதில் என் உயரம், என் கால் அளவு.

விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு சோடி ஸ்கி, காலில் பூட்டிப் பனியில் வழுக்கும் நீளப் பலகைகள், என்று ஹோட்டலில் தந்தார்கள், எனக்கும் தந்தார்கள், நீல நிறம், அதற்கான கனத்த சப்பாத்தும், அவை கீழறையில் சுவரில் சாய்ந்து நிற்கின்றன, மற்றவை காலையில் போய் ஈரமாக வந்து நிற்கும், என்னுடையவை காய்ந்தபடி, நான் தினமும் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு வருவேன், கண்ணாடிக்கு நேரே சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவு, பனிக்கு மேலே ஒரு நீளப் பட்டை மெல்ல ஓடி அவர்களை ஏற்றிச் செல்லும், சிவப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண் கீழே நின்று பீற்சா என்று கத்துவாள், சத்தம் எனக்குக் கேட்காது, வாயசைவு தெரியும், பிள்ளைகள் ஸ்கியின் முனைகளை ஒன்றாக்கிப் பின்பக்கத்தை அகட்டுவார்கள், பீற்சாத் துண்டின் வடிவம், வேகம் அடங்கும், பிறகு பொம்மஸ் என்பாள், உருளைக்கிழங்குப் பொரியல், இரண்டு கால்களும் பக்கத்தில் பக்கத்தில் நேராக, அப்போது பறப்பார்கள், நான் கோட்டுக் குவியலுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கால்களை வைத்துப் பார்க்கிறேன், பீற்சா, பொம்மஸ், பீற்சா, முழங்கால் மடியவேண்டும், நெஞ்சு முன்னால் போகவேண்டும், பயத்தில் பின்னால் சாய்கிற பிள்ளைதான் விழுகிறது, கனவில் கட்டில் சரிந்து மலையாகிறது, அங்கே என்னை யாரும் எழுந்து வாசிக்கச் சொல்லவில்லை, எழுந்து நிற்பதே போதும் என்கிறது பனி.

கடைசி நாள், நாளைக்கு வீடு, இன்றைக்கு விட்டால் பிறகு ஒருநாளும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் அதை யாருக்குச் சொல்வது, எந்த வாயால், சித்தப்பா விடியவே எழும்பி, சித்தி தலைக்குப் பூசக் கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சூடாக்கியின்மேல் வைத்து உருக்குகிறார், குளிரில் அது மெழுகுபோல இறுகிக் கிடந்தது, என்ன செய்யிறீங்கள் என்று சித்தி கேட்க, பேசாமல் இரும், ஸ்கிக்கு அடியிலை பூசினால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், இவங்களுக்கு எங்கை உது தெரியும் என்கிறார், கீழறையில் குந்தியிருந்து மூன்று சோடிக்கும் பழைய துவாயால் தேய்த்தார், நான் என்னுடையவற்றைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி வைத்தேன், அவர் பார்த்தார், உதுக்கேன் பிள்ளை, நீ போகப்போறேல்லைத்தானே என்று போத்தலை மூடினார்.

வெளியே வெயில், மலை கண்ணைக் கூசவைத்தது, நான் மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் குவியலோடு, உணவகக் கதவு கொஞ்சம் திறந்து கிடந்தது, சித்தப்பா தடிகளை ஊன்றித் தள்ளினார், நகரவில்லை, மறுபடி தள்ளினார், நட்ட மரம்போல நின்றார், அடியில் எண்ணெய் இறுகி, இறுகிய எண்ணெயில் பனி ஒட்டி, ஒட்டிய பனியில் இன்னும் பனி ஒட்டி, இடியப்ப மாவைக் காலில் கட்டினதுபோல ஒரு உருண்டை, சித்தி ஒரு காலைத் தூக்கினா, மலையில் பாதி அதோடு எழும்பி வந்தது, என்ரை தலைக்கு வைச்சிருந்த எண்ணெயை நாசமாக்கி, இப்ப ஊர் பாக்க நிக்கிறம், வெண்ணெய் மாதிரிப் போகுதோ வெண்ணெய் என்று சித்தி ஏச, சித்தப்பா தன் ஹோட்டல்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, ஆரணி பனியில் குந்தி விட்டாள், அப்போது சித்தியின் கண் கண்ணாடிப் பக்கம் திரும்பி, ஓடிப்போய்ப் பிள்ளையின்ரை சோடியை எடுத்தாருங்கோ, அவளுக்கும் ஆரணிக்கும் ஒரே கால், அது சும்மாதானே கிடக்குது என்றா.

சும்மாதானே என்ற சொல் கதவு இடுக்கால் எனக்குக் கேட்டது, மடியிலிருந்த எல்லாவற்றையும் கதிரையில் வைத்தேன், வைத்த கை என்னுடையதா, படியிறங்கிக் கீழறைக்குப் போய் அந்தக் கனத்த சப்பாத்தை மாட்டுகிறேன், நீலச் சோடியைத் தோளில் தூக்குகிறேன், எதிரே வந்த சித்தப்பா, ஓ, நல்ல பிள்ளை, கொண்டா என்று கையை நீட்டுகிறார், சித்தியும் பின்னால் வந்து நிற்கிறா, வகுப்பறை வந்து நிற்கிறது, பின்வரிசை வந்து நிற்கிறது, நான் வாயைத் திறந்தேன், இல்லைச் சித்தப்பா, நான் போறன் என்றேன், என்ன, என்றா சித்தி, காது கேட்காதவபோல, இது என்ரை சோடி, நான் போறன் என்று இன்னும் பெரிதாகச் சொன்னேன், பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர்கூடத் திரும்பினார், உனக்கு என்னடி தெரியும், விழுந்து கை கால் முறிஞ்சால் கொம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது என்றா சித்தி, அப்போது அவவின் பின்னால் வந்த ஆரணி, விடுங்கோம்மா, நான் ஒவ்வொருநாளும் போனனான், அக்கா போகட்டும், அக்காவுக்குக் கதைக்கவும் தெரியுதே, என்று வாயைப் பிளந்து நிற்கிறாள்.

பட்டையில் எனக்கு முன்னால் ஒரு குட்டி, பின்னால் ஒரு குட்டி, நான் மட்டும் பனைமரம்போல நடுவில், மேலே போய் இறங்கியவுடனேயே விழுந்தேன், பனி கழுத்துக்குள் போனது, கண்ணாடிக்குள்ளிருந்து இந்தக் குளிரை நான் பார்த்ததேயில்லை, எழும்புகிறேன், பின்னால் சாய்கிற பிள்ளைதான் விழுகிறது, நெஞ்சை முன்னால் கொடுத்தேன், பீற்சா, மெல்ல, மெல்ல, மலை என் கீழே நகர்கிறது, முழங்காலை மடிக்கிறேன், சிவப்பு உடுப்புக்காரி கீழே நின்று கையை நேராக நீட்டிப் பொம்மஸ் என்கிறாள், இந்த முறை சத்தம் கேட்கிறது, பொம்மஸ் என்று நானும் கத்தினேன், கால்கள் நேராகின, காற்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது, தேர் போகிறது, விட்டுப்போன பஸ் போகிறது, அதை நான் முந்திக்கொண்டு போகிறேன், என்னிலிருந்து ஒரு சத்தம் வருகிறது, அது வாசிக்கச் சொன்ன பக்கமில்லை, அது எந்த மொழியுமில்லை, அகட்டி, அடங்கி, கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றேன், நின்றபடியே நின்றேன், விழவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கதிரையில் சித்தி, மடியில் தன் கோட்டு, அதன்மேல் சால்வை, அதன்மேல் சப்பாத்துப் பை, எல்லாவற்றுக்கும் உச்சியில் என் கம்பளித் தொப்பி, எப்போது கழற்றி எறிந்தேன், குவியலுக்குப் பின்னாலிருந்து அவவின் முகம் என்னைப் பார்க்கிறது, கண் கலங்கியிருக்கிறதா, கண்ணாடிதான் புகைத்திருக்கிறதா, சித்தப்பா பக்கத்தில் நின்று கை தட்டுகிறார், சத்தமில்லை, நான் கையுறையால் கண்ணாடியைத் தட்டி, உதிலை இருங்கோ சித்தி, பையளைப் பாத்துக்கொள்ளுங்கோ, நான் ஒருக்காப் போட்டு வாறன் என்றேன், கேட்டிருக்காது, வாயசைவு தெரிந்திருக்கும், சித்தி வாய்விட்டுச் சிரித்தபடி தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டா, நான் பட்டையை நோக்கித் திரும்பினேன்.