கீழ்வீட்டுக்குப் பழக்கம்

பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பவளுக்கு அருவருப்பு கட்டுப்படியாகாது. பிறர் வாய்க்குள் குழாயை விட்டு எச்சிலையும் சீழையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மதியச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறவள் அவள். அவளுக்கே போன மழையில் குடலைப் புரட்டிவிட்டது.

அவர்களுடையது தரைத்தள வீடு. கழிப்பறைக் கிண்ணம் முதலில் தொண்டையைச் செருமியது. பிறகு பொங்கியது. மாடி வீடுகளின் கழிவும் மொட்டைமாடி மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கூடம்வரை வந்து நின்றன. அவளும் கணவனும் கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், புதிதாகத் தவழப் பழகியிருந்த மகள் அந்தத் தண்ணீரைக் கையால் அளைந்து, கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் ஓடிப்போய்க் குழந்தையின் வாயில் விரலை விட்டுத் தோண்டினாள். பலனில்லை. குழந்தை ஊசியும் குழாயுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதியாகத் திரும்பி வந்தது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மாதம் முழுக்க நிதானமாகப் பெய்துகொண்டிருந்த மழை இப்போது ஒரே மாலையில் கொட்டிவிட்டுப் போகிறது. ஊர்ச் சாக்கடை மொத்தமும் திணறுகிறது. ஆனால் இந்தக் கட்டடத்துக்காரர்கள் தங்கள் பங்குக்குச் செய்தது தனிக் கதை. கார் சக்கரத்தில் சேறு ஒட்டுகிறதென்று முன்வாசல் மண்ணை ஒரு சாண்கூட விடாமல் டைல்ஸ் போட்டு மூடினார்கள். வாசலில் தண்ணீர் விழக்கூடாதென்று மொட்டைமாடிக் குழாயைக் கழிவுக் குழாயோடு இணைத்தார்கள். சாக்கடைத் தொட்டியின் மூடி பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதன் மேலும் டைல்ஸ். ஆக, உள்ளே நிரம்பினால் வெளியே வர மிச்சமிருந்த ஒரே வழி அவள் வீட்டுக் கழிப்பறைதான்.

குடியிருப்போர் கூட்டத்தில் அவள் கேட்டது கொஞ்சம்தான். ஒரு கார் நிற்கும் இடத்தை உடைத்து, தொட்டி மூடியைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு குழி வெட்டி மழைக்குழாயை அதில் திருப்ப வேண்டும்.

"எந்தக் கார் இடம்மா?" என்றார் செயலாளர். முதல் மாடிக்காரர். மூடி இருப்பது தன் காருக்கு அடியில் என்று அவருக்குத் தெரியும்.

"உங்களோடதுதான் சார்."

"மழை எல்லாருக்கும் பொது. கார் மட்டும் என்னோடதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் மாடி பசுமை அக்கா கையைத் தூக்கினாள். துணிப்பை இல்லாமல் கடைக்குப் போகிறவர்களை வாசலிலேயே நிறுத்திப் பாடம் எடுப்பவள் என்பதால் வந்த பெயர். "முதல்ல விழிப்புணர்வு வேணும்ப்பா. காம்பவுண்டு சுவர்ல பெருசா ஒரு படம் போடுவோம். பூமி, அதத் தாங்குற கைகள். நானே வரையறேன்."

"எங்க வீட்டுச் சுவர்லயும் ஒரு படம் இருக்கு அக்கா. கணுக்கால் உயரத்துக்கு. நீங்க எல்லாருமாச் சேர்ந்து போட்டது."

அதற்கும் சிரித்தார்கள். சுவர்ப்படம் ஏகமனதாக நிறைவேறியது. பஸ் ஓட்டுநரான அவள் கணவன் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "பேசாம வித்துட்டுப் போயிடலாமா?" என்றான்.

"நாத்தத்தையும் சேர்த்தா விப்ப?" என்றாள்.

மறுநாள் பிளம்பர் வந்து ஒரு வால்வு பொருத்தினார். "ஒரு பக்கம் மட்டும் தொறக்குற கதவு மாதிரிம்மா. உங்க வீட்லேர்ந்து வெளிய போகும். உள்ள வராது."

"அப்ப எங்கண்ணே போகும்?"

பிளம்பர் கூரையைப் பார்த்தார். "அடுத்த வீட்டுக்கு."

அவள் ஒளிக்கவில்லை. வால்வு போட்டிருக்கிறேன், அடுத்த மழையில் முதல் மாடியில் பொங்கும், அதற்குள் தொட்டியைத் திறந்துவிடுங்கள் என்று கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். செயலாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டார். பசுமை அக்கா சுவருக்கு எந்த நீலம் பொருந்தும் என்று கேட்டிருந்தாள். இவள் கடைக்குப் போய் ஒரு கடப்பாரை வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள்.

சுவரில் பூமி பாதி வளர்ந்திருந்தபோது மழை வந்தது. அவள் வீட்டுக் கிண்ணம் செருமக்கூட இல்லை. மேலே ஏதோ விழுந்தது. யாரோ கத்தினார்கள். மாடிப்படியில் பழுப்பாக ஒரு கோடு இறங்கி வந்தது. அதற்குப் பின்னாலேயே, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு செயலாளர் வந்தார்.

"அந்த வால்வக் கொஞ்சம் கழட்டி விடும்மா. மழை விடுற வரைக்கும்தான். இப்பத்தான் மரத்தரை போட்டிருக்கேன், ஊறிடும்." கூடத்தை ஒருமுறை நோட்டம் விட்டார். "உங்க வீட்டுக்கு இது பழக்கந்தானே?"

குழந்தை தரையில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

கணவன் பாதி எழுந்துவிட்டான். "சார் கேக்குறாரே..."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் மீதி எழாமல் உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து கடப்பாரையை எடுத்துச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

"மூடி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

அவர் காரை நகர்த்தினார். கொட்டும் மழையில், தானே நின்று பொறுக்கிப் போட்ட டைல்ஸைத் தானே உடைத்தார். கடைசியில் கணவனும் இறங்கி ஒரு கை கொடுத்தான். மூடி அசைந்ததும் கட்டடத்தின் வயிற்றில் இருந்ததெல்லாம் குபுக்கென்று வெளியே வந்து அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், பூமியைத் தாங்கும் கைகளின் மேலேயே.

அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். மனம் குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. அந்த மனிதரைப் பார்க்கக் குமட்டியது. பாதி எழுந்த கணவனை நினைத்தால் குமட்டியது. மேலே கத்தல் கேட்டபோது தனக்குள் ஒரு கணம் இனித்ததே, அதை நினைத்தாலும் குமட்டியது.

அந்த வாரமே குழி வெட்டினார்கள். மொட்டைமாடிக் குழாய் திரும்பியது. கார் இடத்தில் மண் தெரிந்தது. கூட்டமும் இல்லை, கைதூக்கலும் இல்லை. ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து சாதிக்க முடியாததை ஒரு மரத்தரை சாதித்துவிட்டது.

பிறகு வந்த மழை குழியில் இறங்கி, இருந்த இடம் தெரியாமல் போனது. மறுநாள் பசுமை அக்கா கதவைத் தட்டினாள். குழிக்குப் பக்கத்தில் பலகை நட்டிருந்தார்கள்: 'காலநிலை மாற்றத்துக்கு எங்கள் குடியிருப்பின் பதில்.' செயலாளர் வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார்.

"போட்டோ எடுக்குறோம், வாடி. பாப்பாவையும் தூக்கிட்டு வா. அடுத்த தலைமுறைக்காகன்னு போடலாம்."

"அவ வேலையா இருக்கா அக்கா," என்று கதவைச் சாத்தினாள்.

குழந்தை கூடத்து நடுவில் தவழ்ந்துகொண்டிருந்தது. தவழ்வதை நிறுத்தி, தரையை இரு கையாலும் தட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கையை வாயில் வைத்துக்கொண்டது. அவள் ஓரடி எடுத்து வைத்தவள், நின்றாள். தரை காய்ந்திருந்தது. விட்டுவிட்டாள்.