பூட்டுப் போட்ட கடலை

கந்தர்வக்கோட்டைப் பக்கம், மாசி வெயிலில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நிலக்கடலைக்கு விழா எடுத்தார்கள். நிலம் அடைக்கலமேரியுடையது. மேடையில் அவளுக்கு நாற்காலி இல்லை. பேனரில் படம் இருந்தது, விதை விஞ்ஞானி டாக்டர் நிலவழகனின் முழங்கைக்குக் கீழே.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். "மரபணுவ மாத்தவே இல்லைங்க. ஒரே ஒரு மரபணு மேல சின்னதா ஒரு பூட்டு, அவ்வளவுதான். தாய்ச்செடிக்குப் போட்டது, மகளுக்கும் பேத்திக்கும் தானா வந்துரும். இங்க நிக்கிறது பேத்தி. வறட்சியில எலை வாடாது!"

வாடவில்லைதான். ஐப்பசியோடு மழை நின்றும் செடிகள் கல்யாண வீட்டு வாழைபோல நின்றன.

மேரி இலையை நம்பவில்லை. பூத்து, விழுது மண்ணில் இறங்கியதும் நாலு செடியைப் பிடுங்கி அடியில் காய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது ஊர் வழக்கம். "ஒண்ணு கொறைஞ்சாலும் ஆய்வு கெட்டுரும்மா" என்று வேலியில் பலகை நட்டுவிட்டார் டாக்டர். கலந்துவிடும் என்று வீட்டு விதையையும் வைத்துக்கொள்ளவிடவில்லை. அது செக்குக்குப் போய் எண்ணெயாகிவிட்டது. மழையை நம்பிய மானாவாரி நிலம். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை.

சிறப்பு விருந்தினர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் மண் இருந்தது, காய் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.

மேரியின் கணவர் ஆரோக்கியதாஸ் கத்தினார்: "கீரைன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல டாக்டரே!"

டாக்டர் மண்டியிட்டு நாலைந்தைப் புரட்டினார். முகம் செத்து, பிறகு பிரகாசித்தது. "பூட்டு பக்கத்து மரபணுவுக்கும் பரவியிருக்கு! காய்க்கிறதே அடைபட்டுருச்சு. பேத்தி வரைக்கும் எறங்கியிருக்கு பாருங்க!"

பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள்.

"மகள் செடியிலயே காய் கொறைஞ்சுச்சா சார்?" என்றாள் மேரி.

"கொஞ்சம்… நாங்க எலையத்தாம்மா அளந்தோம்."

"கார்த்திகையில பிடுங்கவிட்டிருந்தா, உழுது உளுந்தாச்சும் தெளிச்சிருப்பேன்."

"இப்பத் தெளிக்கலாமே?"

"ஈரம் எங்கிட்டு சார் இருக்கு?"

அதற்குள் டாக்டர் போனில் யாருக்கோ வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தலைப் பிரித்தபின் மேரி வரிசை வரிசையாகப் பிடுங்கினாள்.

"விடு மேரி. ஆட்டுக்கு ஆகும்" என்றார் ஆரோக்கியதாஸ்.

"ஏதாச்சும் ஒரு செடி பூட்ட மறந்திருக்கும்ங்க. வெதைக்காவது வேணும்ல."

முந்திரித் தோப்பை ஒட்டிய கடைசி வரிசையில் ஒரே ஒரு காய். உடைத்தாள். உள்ளே கறுத்துச் சுருங்கிய பருப்பு. முளைக்காது என்று பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்தும் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.