கிணற்றுச் சந்து, மூன்றாம் வீடு

எங்கள் பின்னறையிலிருந்து யாராவது வெளியே போக வேண்டுமானால் மாமா எழுந்திருக்க வேண்டும். அக்காவின் வீட்டுக்காரரான அவர் தன் மேசையைக் கதவை ஒட்டிப் போட்டிருக்கிறார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டால் வழி அடைந்துவிடும்.

"மறுபடியுமா? இப்பத்தானே போயிட்டு வந்த? வயித்துல என்ன குழாயா வெச்சிருக்க?"

மாமா இப்படிச் சொல்வதைக் கேட்கக் கூச்சப்பட்டே நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். காலையில் இரண்டு மடக்கு, மதியம் சாப்பாட்டோடு கொஞ்சம். என் மேசையில் இருக்கும் பாட்டில் பெரும்பாலும் நிரம்பியே இருக்கும்.

அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று மாமாவுடையது, ஒன்று என்னுடையது, இன்னொன்று மேல்மாடியில் குடியிருக்கும் டைப்பக்காவுடையது. டைப்பக்கா முன்பு கோர்ட்டில் டைப் அடித்தவர். வாய்விட்டுப் படிக்காமல் அவருக்குக் கை ஓடாது. ஜன்னல் ஒன்று உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். கையை நீட்டினால் அதில் இறங்கும் குழாயைத் தொடலாம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது யாரும் உட்கார்ந்து முடிவு செய்து நடந்ததல்ல. அம்மாவும் போன பிறகு அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்காவுக்குப் பிரசவமான அதே வாரம் மாமாவுக்கு ஆவணக் காப்பகத்தின் வேலை கிடைத்தது. "ரெண்டே மாசம், பாப்பா" என்றார். அந்த இரண்டு மாதத்துக்கு இப்போது இரண்டு வயது. அக்காவின் குழந்தையோடு சேர்ந்து அதுவும் ஓடியாடுகிறது. நான் வாய் திறந்து ஒன்றும் கேட்காததால் 'பாப்பா' போய் 'ஊமைக்கோட்டான்' ஆனேன். இப்போது அதுவும் சுருங்கி வெறும் 'கோட்டான்'.

வேலை இதுதான். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் மதில் சூழ்ந்த ஒரு நகரம் இருந்தது. அதில் யார் யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று வருடத்துக்கு ஒரு பதிவேடு எழுதினார்கள். காப்பகத்தில் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதை இப்போதைய எழுத்தில் எடுத்து எழுதி, கட்டுக் கட்டாக எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் தெரு, வீடு, தொழில், உறவு, அடையாளம், ஆண்டு என்று கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். நாளைக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் 'சாயக்காரன்' என்று தட்டினால் அந்த நகரத்துச் சாயக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

பெயர் என்று ஒரு கட்டம் இல்லை. அந்தக் காலத்து எழுத்தர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. கயிறு திரிப்பவன், கயிறு திரிப்பவன் மனைவி, கயிறு திரிப்பவனின் விதவைத் தங்கை. அவ்வளவுதான்.

எனக்கு வந்தது கிணற்றுச் சந்து. அதன் அறுபத்தொரு வருடப் பதிவேடுகளையும் நானே அடித்தேன். மூன்றாம் வீட்டில் ஒரு வரி எல்லா வருடமும் வந்தது: 'நீலச் சாயக்காரன் இளைய மகள், கால் தாங்கி நடப்பவள், தகப்பன் வீட்டில் இருக்கிறாள்.' நான்கைந்து வருடம் வரை ஒன்றும் தோன்றவில்லை. இருபது தாண்டியதும் பாவமாக இருந்தது. நாற்பதில், அந்த வரி வருவதற்கு முன்பே என் விரல்கள் அதை அடிக்கத் தொடங்கின.

"அறுபத்தோராம் வருஷத்துலயும் அப்பன்காரன் இருக்கானா?" என்று டைப்பக்கா எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, சாயம் போகாத மனுஷன்தான்."

அப்போதுதான் நான் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். எட்டாம் வருடம், அதே வீட்டில், 'கூரை பிரித்து வேயப்படுகிறது' என்று ஒரு குறிப்பு இருந்தது. ஒன்பதிலும் இருந்தது. முப்பதிலும், அறுபத்தொன்றிலும் இருந்தது. ஐம்பத்து மூன்று வருடமாக ஒரு கூரையை யாரும் வேயமாட்டார்கள். எழுத்தர் எட்டாம் வருடத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்குள் காலே வைக்கவில்லை. போன வருடப் புத்தகத்தை விரித்து வைத்து அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவரும் அதையே செய்திருக்கிறார்.

எனக்கு அது புதிதாக இல்லை. மாமாவும் தினம் மாலை ஆறு மணிக்கு வருகைத் தாளைத் திறந்து, முந்தைய நாளின் வரியைச் சுட்டியால் பிடித்துக் கீழே ஒரு கட்டம் இழுத்துவிடுவார். ஒன்பது முதல் ஆறு வரை இருக்கையில் இருந்ததாக என் வரியும் கீழே இறங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நானும் அக்காவும் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும்கூட அந்தத் தாளில் நான் இருக்கையில்தான் இருக்கிறேன்.

அந்த வாரம் என் கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவதற்கான விண்ணப்பம். டைப்பக்காதான் கடைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். நிரப்பிவிட்டேன். பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை நான்கு மணியோடு கடைசி. அதை விட்டால் அடுத்த வருடம்தான்; அடுத்த வருடம் அறையில் நான்காவது கம்ப்யூட்டர் வந்திருக்கும்.

திங்கட்கிழமை மாமாவின் மேசையில் அதை வைத்துவிட்டு நின்றேன்.

"இந்தக் கட்டு முடியட்டும் கோட்டான். முடிஞ்ச உடனே கண்ணை மூடிட்டுப் போட்டுத் தரேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நம்பினேன்.

புதன்கிழமை டைப்பக்கா தன் கட்டிலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வந்தது மதில் வாசல் பதிவேடு. மேற்கு வாசலில் காவலிருந்தவர்கள், யார் வெளியே போனார்கள், என்ன கொண்டு போனார்கள், திரும்பினார்களா என்று எழுதி வைத்தது.

"ஒன்பதாம் வருஷம். எண்ணெய்க்காரன், ரெண்டு குடம், திரும்பினான். தச்சன், தன் தம்பியோட, திரும்பினான். நீலச் சாயக்காரன் இளைய மகள், கிணற்றுச் சந்து, கால் தாங்கி நடப்பவள், தனியே. ஒரு மூட்டை. செருப்பு கையில..." டைப்பக்காவின் விரல்கள் நின்றன. "திரும்பினாளான்னு எழுதல. காலியா விட்டிருக்கான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மாமா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

செருப்பு கையில். கால் தாங்கி நடப்பவள் ஏன் செருப்பைக் கழற்றினாள்? சத்தம் கேட்கக் கூடாது என்றா? இப்படி மனதில் நிற்கும் வரிகளை எழுதி வைக்க நான் ஒளித்து வைத்திருக்கும் நோட்டை எடுக்கக் கை பரபரத்தது. நோட்டு, பழுதான பிரிண்டரின் காகிதத் தட்டில் இருந்தது. மாமா இருக்கும்போது அதைத் தொடமாட்டேன்.

முறைப்படி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். சந்தில் இருப்பவளின் எண்ணையும் வாசலில் போனவளின் எண்ணையும் குறித்து, 'சேர்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இருவரும் ஒருவரே என்று பொருள். ஆனால் ஒன்பதாம் வருடம் போனவள் பத்தாம் வருடம் வீட்டில் எப்படி இருப்பாள்? இப்படி முரண்பட்டால் எங்கள் மூன்று கம்ப்யூட்டர்களும் சிவப்பாகப் பூட்டிக்கொள்ளும். காப்பகத்து அதிகாரி பார்த்துத் திறக்கும் வரை ஓர் எழுத்தும் அடிக்க முடியாது. இதற்காகவே மாமா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "சந்தேகம்னா சேர்க்காதீங்க. ரெண்டு ஆளாவே இருந்துட்டுப் போகட்டும். நாம என்ன அவங்க வீட்டுல சம்பந்தமா பண்ணப் போறோம்?"

சேர்த்தால் கட்டு முடியாது. கட்டு முடியாவிட்டால் கையெழுத்து கிடைக்காது. சேர்க்காவிட்டால் அவள் அறுபத்தொரு வருடமும் தகப்பன் வீட்டிலேயே இருப்பாள், யார் தேடினாலும்.

சேர்க்கவில்லை. அன்றும் மறுநாளும் சந்தின் மிச்ச வீடுகளைத் தலை நிமிராமல் அடித்தேன். வியாழன் மாலை ஐந்தரைக்குக் கிணற்றுச் சந்து முடிந்தது. அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.

"கட்டு முடிஞ்சிடுச்சு மாமா."

"சபாஷ்! நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்பிடறேன்." அவர் தாளை வாங்கினார், பார்த்தார், மடித்தார். "கோட்டான், உக்காரு. யோசிச்சுப் பாரு. பரீட்சைன்னா படிக்கணும். படிக்கணும்னா நேரம் வேணும். அடுத்த கட்டு நாளைக்கே வருது. உன் அளவுக்குத் தப்பில்லாம அடிக்கிற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன், சொல்லு? அடுத்த வருஷம் கண்டிப்பா. நீ எங்க ஓடிப்போகப் போற?"

கடைசி வார்த்தையை அவர் அன்பாகத்தான் சொன்னார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் வருகைத் தாளின் வரியைக் கீழே இழுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒன்பதரைக்கு, கட்டு அனுப்பப்படுவதற்கு முன்னால், இரண்டு எண்களையும் குறித்தேன். டைப்பக்கா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். 'சேர்' என்பதை அழுத்தினேன்.

மூன்று திரைகளும் சிவந்தன.

"என்னது இது? யாரு தொட்டது? டைப்பக்கா!"

"நான் கண்ணாடி துடைச்சிட்டிருக்கேன் தம்பி. எனக்கு ஒரு எழவும் தெரியல."

"கோட்டான்?"

"கை தவறிப் பட்டிருச்சு மாமா."

அவர் காப்பகத்துக்குப் போன் போட்டார். நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் இன்றே திறந்துவிடுவதாகச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். தலையில் அடித்துக்கொண்டு, சட்டையை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வேலை நேரத்தில் முதல் முறையாக அந்த நாற்காலி கதவை விட்டு விலகி, ஆளில்லாமல் நின்றது.

"வேலையில்லன்னா நான் போய்த் துணி துவைக்கிறேன்" என்று டைப்பக்கா எழுந்தார். வாசலில் நின்று, "பள்ளிக்கூட ஆபீஸ்ல ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஆள் இருக்காது. அதுக்குள்ள போ" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

அக்கா சமையலறையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தை நீட்டினேன்.

"நீதான் எதையோ அமுக்கினியாடி?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"பாவி. அவர் வந்தா என்னைத்தான் கேப்பாரு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். "இது அவர் போடறதாச்சே."

"காப்பாளர்னுதான் போட்டிருக்கு. நீ என் அக்காதானே?"

"என் கையெழுத்தெல்லாம் செல்லுமாடி? கல்யாணத்தன்னிக்கிப் போட்டதுதான் கடைசி. எப்படிப் போட்டேன்னே மறந்துபோச்சு."

பேனாவைக் கொடுத்தேன். அவள் முதலில் பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, சோற்றுப் பருக்கை படாமல், மெதுவாகப் போட்டாள். குழந்தை தனக்கும் பேனா வேண்டும் என்று அழுதது.

"ஓடு. பன்னெண்டுக்குள்ள வந்துடு."

தெருவில் நடந்தபோது எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்து எழுத்தர் தாளைப் புரட்டினார்.

"இது யாரு கையெழுத்து?"

"அக்கா."

"அப்பா, அம்மா?"

இல்லை என்று தலையை அசைத்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். ரசீதை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்னறையில் இருந்தேன். திரைகள் இன்னும் சிவப்பாகவே இருந்தன.

மாமா ஐந்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

"என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த அதிகாரி அம்மா எழுந்து நின்னு கை குடுத்தாங்க! பத்து வருஷமா யாரும் கவனிக்காததை நீங்க கவனிச்சிருக்கீங்களேன்னு. அந்த நொண்டிப் பொண்ணு ஒன்பதாம் வருஷமே ஊரை விட்டுப் போயிட்டாளாம். அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் எழுத்தரோட சோம்பேறித்தனமாம். நான் என்ன சொன்னேன்? 'ஆமாங்க, எனக்கு அப்பவே சந்தேகம்'னு சொன்னேன்."

மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த டைப்பக்கா தும்மினார்.

"அதுமட்டுமில்ல. மிச்ச மூணு வாசல் பதிவேடும் நமக்கே. கை தவறினாலும் உன் கை அதிர்ஷ்டக் கைடி கோட்டான்! இனி ஒரு வருஷத்துக்கு இந்த அறையை விட்டு யாரும் அசைய முடியாது."

திரைகள் திறந்தன. நான் தேடும் கட்டத்தில் 'நீலச் சாயக்காரன் இளைய மகள்' என்று அடித்துப் பார்த்தேன். அறுபத்தொரு வரிகள் வந்த இடத்தில் ஒன்பது வரிகள் வந்தன. கடைசியில்: 'மேற்கு வாசல். வெளியே.'

மாமா நாற்காலியை இழுத்துக் கதவை அடைத்து உட்கார்ந்தார். மணி ஆறு. வருகைத் தாளைத் திறந்து, வழக்கம்போல் என் வரியைப் பிடித்து ஒரு கட்டம் கீழே இழுத்தார். ஒன்பது முதல் ஆறு வரை, இருக்கையில்.

என் காலில் இன்னும் தெருப் புழுதி இருந்தது. தேர்வு ஐந்து நாள். வருகைத் தாளில் ஐந்து வரிகள். அந்த ஐந்து நாளும் இந்த நாற்காலியை எப்படி நகர்த்தப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பிறகு எழுந்து, அவர் பின்னால் போய் நின்றேன்.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க."