எண்ணெய்த் துணி

ஜூஜுவாடியில எனக்குச் சின்னதா ஒரு கார் ஷெட். பிரேக் வேலைன்னா சம்பங்கிகிட்ட போன்னு அத்திப்பள்ளி வரைக்கும் சொல்லுவாங்க. அந்தத் திமிரு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

ரெண்டாயிரத்து ஆறு, ஆயுத பூஜை அன்னைக்கு. அக்கா மேகலாவும் மாதேஷ் மாமாவும் கைப்புள்ளையோட கிருஷ்ணகிரி கிளம்பி நின்னாங்க. போறதுக்குள்ள பிரேக் பாத்துடுறேன்னு அவங்க வெள்ளை இண்டிகா காருல முன்சக்கரம் ரெண்டையும் கழட்டினேன். பிரேக் பேடு நல்ல கனமா இருந்துச்சு. அது கவ்வுற டிஸ்க் தட்டுல கோடு இல்ல, தேய்மானத்துல விளிம்பும் மேடேறல. பேடு மேல படிஞ்சிருந்த மினுமினுப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். தண்ணி அடிச்சுக் கழுவி விட்டுட்டு மாலை வாங்க ஓடினேன். திரும்பி வந்தா டிஸ்க் ரெண்டும் பளபளன்னு நிக்குது. என்னை நானே மெச்சிக்கிட்டுச் சக்கரத்தை மாட்டிட்டேன். தொட்டுப் பாக்கல.

"தேய்ச்ச பேடு மாமா, முதல்ல சுமாராத்தான் பிடிக்கும். ஓட ஓட செட்டாயிடும்"னு சொல்லி அனுப்பினேன்.

ஓசூர் தாண்டி மாமா போன் பண்ணினாரு. "மாப்ள, பிரேக் வழுக்குதே?"

"அதான் சொன்னேனே. நீங்க போங்க மாமா."

அப்புறம் உக்காந்து ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் வெச்சேன். பூஜைக்கு அதுங்களை மண்ணெண்ணெயில கழுவி, துரு பிடிக்காம எண்ணெய் தடவி அடுக்குறது என் வீட்டுக்காரி மங்கம்மாதான்.

"ஏங்க, சக்கரத்துக்குள்ள இருந்த இரும்புத் தட்டு ரெண்டும் தண்ணி பட்டதும் செவசெவன்னு துரு ஏறிடுச்சு. இதே எண்ணெய்த் துணியால அதையும் துடைச்சு விட்டேன். பாத்தீங்களா?" முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

எண்ணெய் பட்ட டிஸ்க்கை எந்தப் பேடும் பிடிக்காது. சூளகிரி தாண்டினா மேலுமலை இறக்கம், முன்னாடியும் பின்னாடியும் கிரானைட் லாரி. போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒருத்தி நிதானமா சொல்றா. சந்தனக் கையோடயே பைக்கை எடுத்தேன்.

ரோட்டுல எங்க கூட்டம் நின்னாலும் உயிரே போச்சு எனக்கு. ஒரு இடத்துல வெள்ளைக் கார் கவுந்து கிடந்தது. பக்கத்துல போய் நம்பரைப் பாத்தேன், வேற வண்டி. அதுக்குச் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அவ்வளவு கேவலமான பய நான்.

இறக்கத்துல பாதியில, ரோடு வேலைக்குக் கொட்டின மணல் மேட்டுல இண்டிகா மூக்கைக் குத்தி நின்னுச்சு. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மாமாதான் வேணும்னே அதுல ஏத்தியிருக்காரு. அவர் நெத்தியில ரத்தம். அக்கா இடுப்புல புள்ளை முழிச்சு முழிச்சுப் பாக்குது. பைக்கை அப்படியே சாய்ச்சுட்டு அங்கேயே உக்காந்துட்டேன்.

மாமா டிஸ்க்கைத் தொட்ட விரலை நீட்டினாரு. "எண்ணெய்டா. யாரு தடவினது?"

மங்கம்மா பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"நான்தான்"னேன்.

புள்ளை என்னைப் பாத்ததும் மாமன்கிட்ட வரேன்னு ரெண்டு கையையும் நீட்டுச்சு. நானும் எழுந்து கையை நீட்டினேன். அக்கா புள்ளையை மறு இடுப்புக்கு மாத்திக்கிட்டு, அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டா.