அக்காவுக்கு என்ன வாங்குவது

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு வருகிற சனிக்கிழமை பிறந்தநாள். அக்காவாக எதுவும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி வைத்த அடையாள அட்டை நகல், வேறு எதையோ தேடும்போது பாப்பாவின் அம்மா கையில் அகப்பட்டது. ஐம்பது முடிகிறது. சும்மா விடக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள்.

"ஒரு கேக் வெட்டிட்டு, கவர்ல பணம் வச்சுக் குடுத்துடு" என்றான் கணவன்.

"பணம் குடுத்தா அது சம்பளம். நான் பரிசு குடுக்கணும்ங்கிறேன்."

"அப்ப ஒரு ஹேண்ட்பேக்."

"உங்கம்மாவுக்கும் ஹேண்ட்பேக், என் தங்கச்சிக்கும் ஹேண்ட்பேக், உங்க மேனேஜர் சம்சாரத்துக்கும் ஹேண்ட்பேக். உலகத்துல வேற பொருளே இல்லையா?"

அவன் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று மூன்று நாள் யோசிப்பான். பரிசு என்றால் மூன்று நொடிதான்.

அவளுக்கோ அந்த வாரம் முழுக்க இதே நினைப்பு. சால்வை பார்த்தாள், வேண்டாம். செருப்பு பார்த்தாள், செருப்பை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அக்கா பெட்டியைத் திறந்ததும் அப்படியே உருகிப்போக வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் அவளுக்குப் போதாது. இந்தத் தவிப்புக்கு ஒரு காரணம் உண்டு. அதை அவள் வாயால் சொல்ல மாட்டாள், நாம்தான் சொல்லியாக வேண்டும்.

ஹாலில் புத்தக அலமாரியின் மேல் ஒரு மேஜைக் கடிகாரம் இருக்கிறது. மணியைச் சரியாகக் காட்டும். கூடவே அந்த ஹாலையும் அவள் போனில் காட்டும், பேச்சையும் கேட்க வைக்கும். அக்கா வந்த முதல் வாரமே வாங்கி வைத்தது. கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி, எங்கேயோ ஓர் ஆயா குழந்தையைக் கிள்ளிய கதையைக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியிருந்தாள். பயம் வராமல் என்ன செய்யும்? முதல் மாதம் முழுக்கக் குற்றம் தேடினாள். ஓர் அதட்டல், ஒரு முகச்சுளிப்பு? ம்ஹூம். மனசாட்சி உள்ள மனுஷி அன்றைக்கே அந்தக் கடிகாரத்தைத் தூக்கிக் கடாசியிருப்பாள். இவள் கடாசவில்லை.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களை மெஷினில் அடுக்கிச் சுழல விட்டால் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் டீ குடிப்பார்கள், இவள் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள். ஆரம்பத்தில் பாப்பாவைப் பார்க்கத்தான். போகப் போக, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அக்காவைக் கேட்கத்தான்.

அக்கா வாய் ஓயாமல் பேசுவாள். வீட்டில் இருப்பது பாப்பா ஒருத்தி, அவளுக்கும் இன்னும் இரண்டு வயது நிறையவில்லை, மொத்தமே எட்டு வார்த்தைதான் தெரியும். மனதில் இருப்பதைக் கொட்ட அதைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்குமா? "ஏய் கழுதை, வாயைத் திற. நேத்து ராத்திரி எங்க வீட்டுக்காரர் விட்ட குறட்டையில பக்கத்து வீட்டு நாய் குரைக்குதுடி" என்பாள். நாத்தனாரின் ஜம்பத்தை நடித்துக் காட்டுவாள். ஒரு நாள், பாப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தபோது, தனக்கும் ஒரு பெண் பிறந்து ஒன்பது நாள் இருந்தது என்று சொன்னாள். மெஷின் நின்று வெகு நேரமாகியும் இவள் குழாய்களை எடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என்னக்கா பண்ணினா பாப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள். "நல்லாத் தூங்கினாம்மா" என்றாள் அக்கா. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் இவள் பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திருடித் தின்றவள் போல நெஞ்சு குறுகுறுத்தது. மறுநாளும் இயர்போனைச் செருகத்தான் செய்தாள்.

வியாழக்கிழமை வழி பிறந்தது. போனில் பாப்பா ஒரு சீப்பை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அக்கா சிரித்தாள். "எனக்கு உன்னைவிடக் கொஞ்சம் பெரிய வயசுல மவுத் ஆர்கன் பைத்தியம்டி. எங்க கிளாஸ்ல ஒருத்தி வச்சிருந்தா. தினம் அவ பின்னாடியே அலைவேன். வாங்கித் தரச் சொல்லி வீட்ல கேக்கவும் பயம். இப்பக்கூடக் கடையில பாத்தா நின்னுடுவேன். இந்த வயசுல நான் போய்க் கேட்டா சிரிக்க மாட்டானா?"

"கிடைச்சிடுச்சு!" என்று இவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை முடிந்ததும் நேரே இசைக்கருவிக் கடை. "குழந்தைக்கா மேடம்?" என்று கடைக்காரர் பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்தார். "அம்பது வயசுக் குழந்தைக்கு. நல்லதா எடுங்க" என்றாள். நீல வெல்வெட் பெட்டிக்குள் இருபத்து நாலு துளையோடு பளபளவென்று ஒன்று வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழு மாதப் பாவத்துக்கு ஒரே பெட்டியில் பரிகாரம் கிடைத்துவிட்டதாக நினைத்தாள். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்பது அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை கேக் வெட்டினார்கள். அக்கா கூச்சத்தில் நெளிந்தாள். பெட்டியைத் திறந்தாள். பிறகு கட்டைவிரலால் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள், வாயில் வைத்து மெல்ல ஊதினாள். பாப்பா கைதட்டினாள். அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. பாப்பாவின் அம்மா, பார்த்தாயா என்கிற மாதிரி கணவனைப் பார்த்தாள். அரை நிமிடம், அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம்.

"பாப்பாம்மா" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு இது பிடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்குத்தான் பிடிக்காது?" என்று கணவன் குறுக்கே விழுந்தான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இல்ல சார். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. இந்தக் கழுதைகிட்ட மட்டும்தான்..." அக்கா சிரித்தபடியே பாப்பாவைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு முடியவில்லை, பாதியில் நின்றது.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். சும்மா தோணிச்சு அக்கா என்றால் முடிந்தது. ஆனால் அந்த முகத்துக்கு நேரே இன்னொரு பொய்யைச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"அந்தக் கடிகாரத்துல கேமரா இருக்குக்கா. பேசுறதும் கேக்கும்."

"தினம் நான்தானே அதைத் துடைக்கிறேன்" என்றாள் அக்கா, நம்பாதவள் போல. "எப்பலேர்ந்து?"

"நீங்க வந்ததுலேர்ந்து."

அக்காவின் கண் எங்கெங்கோ அலைந்தது. ஏழு மாதத்தையும் ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "பாப்பா வாந்தி எடுத்த அன்னைக்கு, யாரும் இல்லையேன்னு இங்கேயே நின்னு என் புடவையை மாத்தினேன். அதுவுமா?"

"நான் பாத்தேன்க்கா. நான் மட்டும்தான்."

அக்கா கணவன் பக்கம் திரும்பினாள். கடிகாரம் காட்டுவது அவன் போனிலும் தெரியும். "சத்தியமா நான் பாக்கிறதே இல்ல, எனக்கு ஏது நேரம்" என்றான். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நம்ப அக்காவுக்கு என்ன வழி இருந்தது? அவன் மனைவிக்கே அந்த நிமிடம் முழுசாக நம்ப முடியவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா. முதல்ல பயம். அப்புறம்... நீங்க பேசுறதைக் கேக்கப் பிடிச்சுது."

அக்கா திட்டவில்லை, அழவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் இவள் பிழைத்திருப்பாள். பெட்டியை மூடி மேஜையில் வைத்தாள். "நிக்கிறதுன்னா இன்னைக்கே நின்னுடுவேன். இந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு? திங்கக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இவள் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினாள். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

கடிகாரத்தை அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போட்டாள். திங்கட்கிழமை அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். பாப்பா தாவிப் போய் ஒட்டிக்கொண்டாள். அப்பாடா என்று இவள் வேலைக்குக் கிளம்பினாள், தன் வேலையும் போகவில்லை, குழந்தையும் தவிக்கவில்லை என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டே.

பத்தரைக்கு அக்காவே போன் செய்தாள். ஏழு மாதத்தில் ஒரு நாளும் செய்ததில்லை.

"பாப்பா சாப்பிட்டாங்கம்மா. பாத்திரம் காலி. இப்ப விளையாடுறாங்க."

"எதுக்குக்கா போன் எல்லாம்? எனக்கு உங்க மேல..."

"இல்லம்மா, தெரிஞ்சுக்கணும்ல நீங்க."

பன்னிரண்டுக்கு ஒரு போன், பாப்பா குளிச்சாங்க. ஒன்றரைக்கு ஒரு போன், பாப்பா தூங்கிட்டாங்க. ஒரு குறை சொல்ல முடியாது. மூன்று மணிக்கு வந்த போனில், பின்னால் பாப்பா "கா, கா" என்று கூப்பிடுவது கேட்டது. அக்காவைப் பேசச் சொல்லிப் பாப்பா அப்படித்தான் நச்சரிப்பாள். அதுவும் இவள் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டதுதான். பதில் எதுவும் கேட்கவில்லை. பாப்பா மறுபடியும் கூப்பிட்டாள்.

"அக்கா, அவகிட்ட ஏதாவது பேசுங்களேன்" என்றாள் இவள், குரல் உடைய.

"சரிம்மா" என்றாள் அக்கா, கொஞ்சமும் கோபமில்லாமல். "என்ன பேசணும்னு சொல்லுங்க, பேசுறேன்."