கடல்கன்னியின் தொப்புள்

தினமும் மாலை நான்கு மணிக்கு என் மனைவியை மீன் வாலுக்குள் வைத்துத் தைப்பேன். முதலில் அந்த வாலுக்கு ஜிப் இருந்தது. பொருட்காட்சி தொடங்கிய மூன்றாம் நாளே அது பல்லை இளித்துவிட்டது. அன்றிலிருந்து கோணி ஊசியும் நைலான் நூலும்தான். ஜெயலட்சுமி ஒருக்களித்துப் படுத்துக் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பின்பக்கமாக முழங்காலில் தொடங்கி இடுப்புவரை தைத்துக்கொண்டு போய் முடிச்சுப் போடுவேன். ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்ததும் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிப்பேன். நடுவில் அவள் எழுந்திருக்க முடியாது. அதற்காக மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கமாட்டாள்.

“இன்னும் கொஞ்சம் இழுத்துத் தை. வயிறு தெரியுது பாரு,” என்றாள் அந்தச் சனிக்கிழமை.

இழுத்துத் தைத்தேன். அவளுக்கு ஐந்தாவது மாதம்.

அது தொண்ணூற்றேழு டிசம்பர். பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மைதானம். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், அவற்றோடு எங்கள் கூடாரம். ‘உயிருள்ள கடல்கன்னி’ என்ற வாசல் போர்டை நான்தான் வரைந்தேன். நான் சுவர் விளம்பரம் எழுதுகிறவன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊருக்கே தெரியும். அதனால் முதலாளி ஓஸ்வால்ட் என்னிடமே மைக்கையும் கொடுத்துவிட்டார். ஜனங்கள் தொட்டி என்று நினைப்பது உண்மையில் இரண்டு கண்ணாடிகள். அவற்றுக்கு நடுவே நான்கு விரல் அகலத்துக்குத் தண்ணீர், ஆறு தங்க மீன்கள், குமிழி விட ஒரு மோட்டார். அதற்குப் பின்னால் காய்ந்த பலகையில் ஒரு மெத்தை, மெத்தையில் ஜெயா. முன்னால் நின்று பார்த்தால் அவள் தண்ணீருக்குள் கிடப்பதாகத் தெரியும். கடல்கன்னி பேசக் கூடாது. அவசரம் என்றால் மோதிரத்தால் கண்ணாடியில் மூன்று தட்டு. நான் உடனே திரையை இழுத்துவிட வேண்டும். அதுவரை இரண்டு முறைதான் தட்டியிருந்தாள். ஒருமுறை கால் மரத்துப்போய், இன்னொரு முறை கரப்பான் பூச்சிக்கு.

ஐந்து மாத வயிற்றோடு இருப்பவளை ஏன் அங்கே படுக்க வைத்தாய் என்று பிற்பாடு கேட்காதவர் இல்லை. இதற்கு முன் இரண்டு கரு மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டன. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார், படுத்தே இருக்க வேண்டும் என்று. எங்கள் வீடு மாடியில் ஒற்றை அறை. குழாய் தெருமுனையில். நான் வேலைக்குப் போனால் ஜெயா சும்மா கிடக்கமாட்டாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவள் தையல் வேலை பார்த்த கார்மெண்ட்ஸை மூடியிருந்த நேரம் அது. பழைய கடல்கன்னி கல்யாணமாகிப் போய்விட்டாள், ஆள் வேண்டும் என்று ஓஸ்வால்ட் சொன்னதும் ஜெயாதான் முந்திக்கொண்டாள்.

“டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? படுத்துக்கினே இருக்கணும்னாங்க. இங்க வேலையே படுக்கறதுதானே. வீட்ல இருந்தா யாரு என்னைப் படுக்க வுடுவா?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. வைத்தியமும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று இருவரும் சிரித்தோம். எவ்வளவு பெரிய மடையர்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அன்று எங்களைவிடப் புத்திசாலிகள் பெங்களூரில் இல்லை என்றுதான் நினைத்தோம். வாலை அவளே அளவெடுத்துத் தைத்தாள், பச்சை ரெக்ஸினில் ஜிகினாச் செதில்களை வரிசை வரிசையாக வைத்து.

மைக்கைப் பிடித்தவனுக்கு ஆரம்பத்தில் தெரியாத ஒன்று உண்டு. ஜனங்கள் கடல்கன்னியின் முகத்தைப் பார்க்க வருவதில்லை, கேள்வி கேட்க வருகிறார்கள். என்ன சாப்பிடும், எங்கே பிடித்தீர்கள் என்று தொடங்கி, பத்தாவது நிமிடம் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள். குட்டி போடுமா, முட்டை இடுமா? இதில் ஆண் உண்டா? இருந்தால் அதற்கு எது எங்கே இருக்கும்? ஆண்கள் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். பெண்கள் சிரிக்காமல் கேட்பார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அமாவாசைக்கு முட்டை இடும், பௌர்ணமிக்குப் பொரிக்கும், ஆண் ஆழ்கடலைவிட்டு மேலே வருவதில்லை.

இரண்டாவது வாரம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு டீச்சர் வந்தார், பெயர் மங்களம். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

“முட்டையிலேர்ந்து வந்ததுன்னா அதுக்குத் தொப்புள் எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டார். “தொப்புள்ங்கறது அம்மாகிட்டேர்ந்து கொடி வந்த இடம். மார் இருக்கு, தொப்புள் இருக்கு. அப்போ இது பாலூட்டி. பாலூட்டின்னா வால் திமிங்கிலத்துக்கு இருக்கற மாதிரி படுக்கை வசமா இருக்கணும். நீ நெட்டுக்குத்தா இருக்கற மீன் வாலை மாட்டியிருக்கே.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் ஜெயா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. வெளியே போகும்போது டீச்சரை மடக்கி, ஆணுக்கு என்ன சொல்வது மிஸ் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, கடல்குதிரை என்று ஒரு மீன் இருக்கிறது, அதில் பெண் முட்டையைக் கொடுத்துவிடும், ஆண்தான் வயிற்றுப் பையில் வைத்துச் சுமந்து பெறும், வேண்டுமானால் அதைச் சொல் என்றார். சில மீன்கள் பாதி வாழ்க்கை பெண்ணாக இருந்துவிட்டு மீதிக்கு ஆணாக மாறும் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. டீச்சர் பொய் சொல்லமாட்டார் என்று ஜெயா நம்பினாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலை முழுக்க அவளுக்கு அதே பேச்சு. நான் நான்கு குடம் தண்ணீர் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பாயில் படுத்துக்கொண்டு கடலுக்கடியில் ஒரு ஊரையே கட்டினாள். அங்கே பிறக்கும் பிள்ளையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அதற்கே இன்னும் தெரியாது. வளர்ந்த பிறகு எது வசதியோ அதுவாக ஆகிக்கொள்ளும். கரு ஒருத்தியிடம் தங்கவில்லை என்றால் அவளை யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். அடுத்த ஆள் வாங்கிக்கொள்ளும்.

“கொஞ்ச மாசம் நானு, கொஞ்ச மாசம் நீ. அப்டி இருந்தா அந்த ரெண்டுமே பொழைச்சிருக்கும்யா,” என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சரி. அஞ்சு மாசம் ஆனதும் எங்கிட்ட குடு. மீதிய நான் சுமக்கறேன்,” என்றேன். என் வாய்தான் தெரியுமே. அன்று மாலையே அதை மைக்கிலும் சொன்னேன். கடல்கன்னி முட்டையைப் புருஷனிடம் கொடுத்துவிடும், ஆம்பிளைதான் சுமக்கும். கூட்டம் சிரித்துச் சிரித்து அடுத்த காட்சிக்கும் நின்றது.

வயிறு வளர வளர ஜெயா வாலின் மேல்விளிம்பை உயர்த்தித் துணி சேர்த்தாள். தொப்புள் வாலுக்குள் மறைந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்ததும் மங்களம் டீச்சர்தான். கடைசி வாரம் வியாழக்கிழமை தனியாக வந்தவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“போன தடவை தொப்புள் இருந்தது. இப்போ காணோம். எத்தனை மாசம்?”

“அஞ்சு, மிஸ்.”

“உன் சம்சாரமா?”

தலையாட்டினேன். டாக்டர் படுக்கச் சொன்னதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “படுக்கறது வேற, இப்படி இறுக்கிக் கட்டிப்போடறது வேற. சீக்கிரம் அவிழ்த்து விடுப்பா,” என்றார்.

ஜெயாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையோடு பொருட்காட்சி முடிகிறது, இன்னும் மூன்று நாள்தான், நடுவில் விட்டால் ஓஸ்வால்ட் ஆளுக்கு எங்கே போவார் என்றாள். எனக்கும் அந்த மூன்று நாள் பெரிதாகத் தெரியவில்லை. ஒருத்தர் கண்ணைத் திறந்துவிட்டும் நான் மூடிக்கொண்டேன். இதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் அப்படித்தான் வருகிறது.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நல்ல கூட்டம். ஒரு மனிதர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். வழக்கமான கேள்விதான், இதில் ஆம்பிளை எங்கே என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். முட்டையைப் புருஷன்காரன் வாங்கிக்கொள்வது, வயிற்றுப் பை, பத்து மாதமும் அவனுக்கு மாங்காய் ஆசை வருவது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. அப்போது கண்ணாடியில் டக் டக் டக் என்று கேட்டது. கேட்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்ததுதான் இருப்பதிலேயே பெரிய சிரிப்பு, பிரசவ வலி வந்து அவன் கத்துவது. அதை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். கையைத் தூக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்காட்டினேன். மறுபடியும் தட்டினாள். பின்னால் வால் பலகையில் அடிபடும் சத்தம். கூட்டம் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக் கைதட்டியது.

திரையை இழுத்துவிட்டு உள்ளே போனபோது ஜெயா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தாள். மெத்தையில் ஈரம். பச்சை ரெக்ஸினில் சிவப்பு தெரியவில்லை, என் கையில்தான் தெரிந்தது.

“தையலைப் பிரி,” என்றாள்.

ஆணியில் மாட்டியிருக்கும் கத்தரிக்கோல் இல்லை. டிக்கெட் கொடுக்கும் சந்திரம்மா டிக்கெட் கட்டைப் பிரிக்க எடுத்துப் போயிருந்தாள். நகத்தால் பிய்த்தேன், பல்லால் கடித்தேன். நான் போட்ட முடிச்சு. நைலான் நூல் என் உதட்டைத்தான் அறுத்தது.

“வுட்டுடு. தூக்கு.”

பின்பக்கம் கூடாரக் கயிறும் ஜெனரேட்டரும். முன்பக்கம் கூட்டத்தின் நடுவே போக ஒரு வழிதான். வாலோடு அவளைத் தூக்கிக்கொண்டு திரையைத் தலையால் விலக்கி வெளியே வந்தேன். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. கடல்கன்னியைத் தூக்கிட்டுப் போறான் என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். தோளில் இருந்த அந்தச் சிறுமி மட்டும் ஜெயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வழி விட்டார்கள். “அய்யோ தேவரே, ஆட்டோ, பேகா பேகா, யாராச்சும் சீக்கிரம் ஒரு ஆட்டோ புடிங்கப்பா,” என்று சந்திரம்மா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். அதை வாங்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆட்டோவில் வால் உள்ளே அடங்கவில்லை. துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. ஜெயாவின் தலை என் மடியில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் பள்ளத்தில் ஆட்டோ குதித்தபோது திறந்தாள்.

“அஞ்சு மாசம் ஆச்சு. நீ வாங்கிக்கறேன்னு சொன்னியே.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னால் முடியும் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினாள். குடு ஜெயா, குடு என்று சொல்லிக்கொண்டு அவள் வயிற்றில் கை வைத்தேன். கைக்கு அகப்பட்டது ரெக்ஸின்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெரிய கத்தரிக்கோலை எடுத்து இடுப்பிலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டே போனார். “இதை இப்படி தைச்சது யாரு?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வாலைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். குழந்தைக்கு இன்னும் துடிப்பு இருக்கிறது, ஆனால் இப்போது எதுவும் சொல்ல முடியாது, காத்திருங்கள் என்றார். ஆணா பெண்ணா என்று பக்கத்துப் பெஞ்சில் யாரோ யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

ஓஸ்வால்ட் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். சந்திரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, “முனிராஜ், எவ்ளோ நேரம் அதைப் புடிச்சிக்கினு இருப்பே. கீழ வை,” என்றாள்.

வால் நனைந்து கனத்தது. செதில்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தரையில் விழுந்தன, சில என் சட்டையில் ஒட்டிக்கொண்டன. கீழே வைத்தால் உள்ளே அந்தத் துடிப்பு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அதை வயிற்றோடு சேர்த்து, இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.